கல்மரமும் அணையா அடுப்பும்: பிரபஞ்சத்தின் கதையில் நமக்கு எவ்வளவு தூரம் மிச்சம்?

பெண்ணைக்கரை (கடலூர்)
ஞாயிறு, இரவு 9.10

திருவக்கரையிலிருந்து திரும்பி இரண்டு மணி நேரம் ஆகிறது. குளித்துச் சாப்பிட்டுப் படுத்தும் ஒரு கேள்வி தூங்க விடவில்லை. அதனால் இந்த இழை.

நான் ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர். ஆண்டுக்கு ஒரு முறை எங்கள் தெருப் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு கல்மரப் பூங்காவுக்குப் போவது வழக்கம். போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். சங்கராபரணி ஆற்றுக்குப் பக்கம், சிவந்த மணற்பாறை மேட்டில், பெரிய பெரிய மரங்கள் கல்லாகிப் படுத்துக் கிடக்கின்றன. வயது சுமார் 2 கோடி ஆண்டு. அந்தப் பாறை அடுக்குக்குப் புவியியலாளர்கள் வைத்திருக்கும் பெயரே கடலூர் மணற்பாறைதான். எந்த மரத்துக்கும் வேர் இல்லை, கிளை இல்லை. அங்கே வளர்ந்தவை அல்ல, வேறெங்கிருந்தோ வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்து மணலில் புதைத்தவை. பிறகு நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மக்கிப்போகிற மரத்தின் ஒவ்வொரு இழையிலும் ஊறி, அதன் இடத்தைத் தான் பிடித்துக்கொண்டது.

ஒரு தண்டின் அருகே எல்லோரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தோம். மேற்புறம் வெயிலில் சுட்டது, அடிப்புறம் கையை விட்டால் சில்லென்று இருந்தது. கணு தெரிகிறது. வெட்டுப்பக்கத்தில் விரல்நுனியால் தடவினால் இழை இழையாக வரி ஓடுவது தெரிகிறது. தட்டினால் மட்டும் கல் சத்தம். ஒன்பதாம் வகுப்பு படிக்கிற ஒரு பெண் கேட்டாள்: "சார், மரம் எல்லாம் போயி கல்லு வந்துடுச்சுன்னா, இத ஏன் இன்னும் மரம்னு சொல்றோம்?"

நான் சட்டென்று பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதல்ல, கேள்வி அந்தக் கல்லைவிடப் பெரியது.

பிரபஞ்சத்துக்கு வயது 1380 கோடி ஆண்டு. தொடக்கத்தில் ஹைட்ரஜன், ஹீலியம், துளி லித்தியம். அவ்வளவுதான் சரக்கு. முதல் 3,80,000 ஆண்டுகளுக்கு அணு கூடச் சரியாகச் சேரவில்லை. அப்புறம் விண்மீன்கள் பற்றிக்கொண்டன. அவற்றின் வயிற்றில் கரியும் ஆக்சிஜனும் சிலிக்கனும் வெந்தன. அந்த மரத்தில் இருந்த கரியும், இப்போது அதன் இடத்தில் இருக்கிற சிலிக்கனும் இரண்டுமே ஏதோ விண்மீன்களின் சமையல். 460 கோடி ஆண்டுக்கு முன் சூரியன், கொஞ்சம் பின்னால் பூமி, குறைந்தது 350 கோடி ஆண்டுக்கு முன் நுண்ணுயிர்கள், 54 கோடி ஆண்டுக்கு முன் கண்ணும் ஓடும் காலும் உள்ள விலங்குகளின் பெருக்கம், 3 லட்சம் ஆண்டுக்கு முன் நம் இனம், 5,000 சொச்சம் ஆண்டுக்கு முன் எழுத்து. எளியதிலிருந்து மேலும் மேலும் பின்னிக்கொண்டு போகிற கதை போலத்தான் தெரிகிறது. (சிக்கல் என்ற சொல் எனக்கு ஒத்துவரவில்லை, தொல்லை என்று காதில் விழுகிறது. பின்னல் என்றே எழுதுகிறேன். கூடை பின்னுகிற பின்னல், சடை பின்னுகிற பின்னல்.)

திரும்பி வரும்போது வேனில் யோசித்துக்கொண்டே வந்தேன். வடலூர் தருமசாலையில் வள்ளலார் 1867 வைகாசியில் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. அன்று வைத்த விறகில் ஒரு துண்டு கூட இன்று இல்லை. ஆனாலும் அதே அடுப்பு, அதே நெருப்பு என்கிறோம். கல்மரத்திலும் மரத்தின் பொருள் இல்லை, வடிவம் மட்டும் நிற்கிறது. இரண்டிலும் பொருள் போய்விட்டது, பின்னல் நிற்கிறது. ஆனால் ஒன்று செத்தது, ஒன்று உயிரோடு இருக்கிறது. வித்தியாசம், ஒன்றுக்குள் இன்னும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்குத் தோன்றுவது இதுதான்: விண்மீன், செடி, மனிதர், ஊர் எல்லாமே அடுப்பு வகை. ஊட்டுகிற வரைதான் உண்டு.

அப்படியென்றால் இந்தப் பின்னல் இன்னும் கூடிக்கொண்டே போகுமா? நமக்கு எவ்வளவு காலம் இருக்கிறது? உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள்.

பாகூரான் (சென்னை)
ஞாயிறு, இரவு 9.48

சார், அருமை. நான் இதை நம்பிக்கையோடு பார்க்கிறேன். போகிற போக்கு மேல்நோக்கித்தான். எரிக் சாய்சன் என்கிற அமெரிக்க வானியலாளர் இதற்கு ஓர் அளவுகோலே வைத்திருக்கிறார்: ஒரு கிலோ பொருள் வழியாக ஒரு நொடிக்கு எவ்வளவு ஆற்றல் ஓடுகிறது? சூரியனின் மொத்த ஒளியை அதன் எடையால் வகுத்தால் கிலோவுக்கு 0.0002 வாட்தான் வருகிறது. 70 கிலோ மனிதர் சும்மா உட்கார்ந்தாலே 100 வாட், அதாவது கிலோவுக்குச் சுமார் 1.4. எடைக்கு எடை பார்த்தால் நாம் சூரியனைவிட 7,000 மடங்கு. மூளை இன்னும் பத்து மடங்கு மேலே. அதற்கு மேலே நம் நகரங்களும் இயந்திரங்களும்.

அடுத்த படி வெளியே போவதுதான். சோவியத் வானியலாளர் கர்தஷேவ் 1964லேயே நாகரிகங்களை ஆற்றலை வைத்து வகை பிரித்தார்: கோளின் ஆற்றல், விண்மீனின் ஆற்றல், கேலக்ஸியின் ஆற்றல். நாம் இன்னும் முதல் படியையே தொடவில்லை. செவ்வாய், அப்புறம் வேறு விண்மீன்கள். செயற்கை நுண்ணறிவு துணைக்கு வந்தால் வேகம் கூடும். நான் பயப்படவில்லை.

முந்திரித்தோப்பு (பண்ருட்டி)
ஞாயிறு, இரவு 10.05

நூறு கோடி ஆண்டு, ஆயிரம் கோடி ஆண்டு. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது சார். நான் அடுத்த பூ நிற்குமா கொட்டுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதைத் தெரிந்துகொண்டு எனக்கு என்ன ஆகும்? கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

நுண்ணோக்கி (புதுச்சேரி)
திங்கள், காலை 6.30

பாகூரான் அண்ணா, அந்த அளவுகோலில் ஒரு ஓட்டை இருக்கிறது. நான் நுண்ணுயிரியல் படித்தவள், அதனால் என் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முந்திரித்தோப்பு ஐயாவுக்கு அசோட்டோபேக்டர் தெரிந்திருக்கும். காற்றிலிருக்கிற தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குத் தருகிற பாக்டீரியா, உயிர் உரமாகப் பாக்கெட்டில் விற்கிறார்கள். மூச்சு விடும் வேகத்தில் அதை மிஞ்ச ஆளில்லை என்றே சொல்வார்கள். எடைக்கு எடை பார்த்தால் மனிதரை எங்கேயோ பின்னால் விட்டுவிடும். வீட்டு கேஸ் அடுப்பை எடுங்கள், அரைக் கிலோ பர்னர் வழியாக இரண்டாயிரம் வாட்டுக்கு மேல் போகிறது. அது மூளையைவிடப் பின்னலானதா? இல்லையே. ஆற்றல் ஓடுவது தேவை, அது மட்டும் போதாது. ஓடுகிற ஆற்றல் எதைப் பிடித்து வைக்கிறது, எதை நினைவில் வைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, மேல்நோக்கிய போக்கு என்பது. உயிர்கள் தொடங்கியது மிகச் சிறிய இடத்தில். அதைவிட எளிதாக ஓர் உயிர் இருக்கவே முடியாது. ஒரு பக்கம் சுவர். குடித்தவர் ஒருவர் சுவரோரமாகத் தள்ளாடிக்கொண்டு போகிறார் என்று வையுங்கள். அவருக்குத் திசை கிடையாது. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் சுவரை விட்டுத் தள்ளித்தான் இருப்பார், ஏனென்றால் சுவருக்குள் போக முடியாது. ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற தொல்லுயிரியலாளர் சொன்ன விளக்கம் இது. கூட்டத்தில் பெரும்பாலோர் இன்னும் சுவரோரம்தான், அதாவது பாக்டீரியாக்களாகத்தான். நம் உடம்பிலேயே நம் செல்கள் சுமார் 30 லட்சம் கோடி, பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி என்று 2016ல் கணக்குப் போட்டார்கள். நாடாப்புழுவைப் பாருங்கள், குடலுக்குள்ளேயே வாழ்வதால் தனக்கென்று குடலே வேண்டாம் என்று விட்டுவிட்டது. பின்னல் குறைந்தும் பிழைக்கலாம்.

எனக்குப் பிரபஞ்சத்தின் கதை பிடிக்கும். ஆனால் அது நம்மை நோக்கி வந்த கதை என்று சொல்ல மனம் வரவில்லை.

பெண்ணைக்கரை (கடலூர்)
திங்கள், காலை 11.20

நுண்ணோக்கிக்கு நன்றி. கேஸ் அடுப்பு உதாரணம் சரியான இடத்தில் குத்துகிறது. என் அடுப்பு உவமையையும் சேர்த்துத்தான் குத்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். வடலூர் அடுப்பின் பின்னல் நெருப்பில் மட்டும் இல்லை. யார் விறகு போடுவது, யார் அரிசி கொண்டுவருவது, யார் வந்தாலும் சோறு என்கிற முறை, அதெல்லாம் சேர்ந்ததுதான் அது.

சுவர் விளக்கத்தையும் ஏற்றுக்கொள்கிறேன், ஒரு கூடுதல் சேர்த்து. தள்ளாடிப் போவதற்குக் கூட இடம் வேண்டும் இல்லையா? அந்த இடத்தைப் பிரபஞ்சம் எப்போதும் தருவதில்லை. ஒரு குறிப்பிட்ட காலத்தில்தான் தருகிறது.

பெண்ணையாறு கடலில் விழுகிற தாழங்குடா பக்கம் வெள்ளக் காலத்தில் போய்ப் பாருங்கள். 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, சாத்தனூர் அணையைத் திறந்து, தண்ணீர் வடிந்த பிறகு நான் போய் நின்றேன். ஆற்றுக்குள் ஒரே செம்பழுப்பு. தொலைவில் கடலுக்குள் ஒரே நீலம். இரண்டும் முட்டுகிற இடத்தில்தான் எல்லா வேடிக்கையும்: நாக்கு நாக்காக நீளும் செந்நீர், அதை மடித்து உருட்டுகிற அலை, கோடு போட்டது போல நுரை, நுரைக்கு அந்தப் பக்கம் துள்ளுகிற மடவை, அதைக் குறிபார்க்கிற கொக்கு. கலக்காதவரை ஒன்றுமில்லை. முழுக்கக் கலந்த பிறகும் ஒன்றுமில்லை. கலந்துகொண்டிருக்கும்போதுதான் சுழி பிறக்கிறது.

பிரபஞ்சமும் அப்படித்தான். என்ட்ரோபி, அதாவது குலைவு, மொத்தத்தில் கூடிக்கொண்டேதான் போகும். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதிக்கு விலக்கு இல்லை. ஆனால் அது கூடுகிற வழியில், ஆங்காங்கே சுழிகள் உண்டாகின்றன. பிரிகோஜின் 1977ல் வேதியியல் நோபல் வாங்கியது இந்த விஷயத்துக்குத்தான்: ஆற்றல் ஓடிக்கொண்டே இருக்கிற அமைப்பு, தானே ஓர் ஒழுங்கைக் கட்டிக்கொள்ளும், ஓட்டம் நின்றால் அந்த ஒழுங்கும் போகும். சூடான சூரியன், குளிர்ந்த விண்வெளி, நடுவே பூமி. நாம் அந்த முகத்துவாரத்துச் சுழி. முகத்துவாரம் நமக்காக வெட்டியது இல்லை. ஆனாலும் அது இல்லாமல் நாம் இல்லை.

முந்திரித்தோப்பு ஐயாவின் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. மறக்கவில்லை.

வில்லியனூர் வாசகர்
திங்கள், மாலை 5.15

நீங்கள் எல்லாம் மேலைநாட்டுப் பெயர்களாகவே சொல்கிறீர்கள். பிரம்மாவின் ஒரு பகல், ஒரு கல்பம், 432 கோடி ஆண்டு என்று நம் முன்னோர் எப்போதோ சொல்லிவிட்டார்கள். பூமியின் வயதோடு ஒட்டிவருகிறதே! ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை அடுக்கியதும் தமிழ்தான். 1910ல் புதுவைக்கு வந்த அரவிந்தர் இதே ஊரில் உட்கார்ந்துதான் சடத்திலிருந்து உயிர், உயிரிலிருந்து மனம், மனத்துக்கு மேலும் ஒரு படி உண்டு, மனிதன் முடிவல்ல, இடைப்பட்டவன் என்று எழுதினார். இதையும் பேச வேண்டாமா?

நுண்ணோக்கி (புதுச்சேரி)
திங்கள், மாலை 6.02

பேசலாம் ஐயா. 432 கோடி யுகக் கணக்கின் பெருக்கலில் வந்த எண். பூமியின் 455 கோடி 1956ல் கிளேர் பேட்டர்சன் விண்கல்லில் இருந்த ஈயத்தை அளந்து கண்டது. இரண்டும் பக்கத்தில் வந்தது தற்செயல். ஆனால் காலத்தைக் கோடிகளில் நினைத்துப் பார்க்கப் பயப்படாத மனம் இருந்ததே, அதை நான் மதிக்கிறேன்.

பெண்ணைக்கரை (கடலூர்)
திங்கள், இரவு 8.40

வாசகர் ஐயா சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. மனிதன் இடைப்பட்டவன் என்ற எண்ணம் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் மேலே ஒரு படி நமக்காகக் காத்திருக்கிறது என்பதற்கு என்னால் சாட்சி காட்ட முடியாது. அது அவரவர் நம்பிக்கை.

முன்னோரைப் பற்றி என்றால் புதுவையிலேயே நடந்த ஒன்றைச் சொல்லட்டுமா? என்னை இருபது ஆண்டாக விடாத கதை இது.

லெ ஜான்டீல் என்ற பிரெஞ்சு வானியலாளர். 1761ல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடக்கவிருந்தது, அதை அளக்கப் புதுச்சேரிக்குக் கப்பல் ஏறினார். வந்து சேரும் முன் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது, நடுக்கடலில் ஆடுகிற கப்பலிலிருந்து எதையும் அளக்க முடியவில்லை. அடுத்த கடப்பு 1769ல். எட்டு ஆண்டு இந்தப் பக்கமே இருந்து, புதுச்சேரியில் ஆய்வுக்கூடம் கட்டிக் காத்திருந்தார். அன்று காலை மேகம் மூடிவிட்டது.

ஆனால் காத்திருந்த காலத்தில் அவர் ஒரு வேலை செய்தார். இங்கிருந்த தமிழ்க் கணிதரிடம் கிரகணம் கணிக்கிற முறையைக் கேட்டு எழுதிக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் நீளம் அந்த முறைப்படி 41 விநாடி குறைவாக வந்தது. அன்று ஐரோப்பா தலையில் வைத்துக் கொண்டாடிய ஜெர்மன் வானியலாளர் மேயரின் அட்டவணைப்படி 68 விநாடி கூடுதலாக வந்தது. நம்மவர் கணக்கு நெருங்கி வந்திருக்கிறது. உடம்பு சிலிர்க்கிறது.

இனிமேல்தான் வலிக்கிற பகுதி. 1825ல் வாரன் என்பவர் ஒரு பதிவு எழுதியிருக்கிறார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிப்பவர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த சொற்களிலிருந்து எண்களை எடுத்துக் கூட்டிக் கழித்துக் கிரகண நேரத்தைச் சொல்லிவிடுகிறார். ஆனால் அந்த எண்கள் ஏன் அப்படி, எந்தக் கொள்கையிலிருந்து வந்தன என்று அவருக்குத் தெரியவில்லை. அதைப் பற்றி அவர் கவலைப்படவும் இல்லை.

சோழி நகர்கிறது, விடை வருகிறது, காரணம் போய்விட்டது. திருவக்கரையில் அந்தத் தண்டைத் தடவியபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. வரி வரியாக எல்லாம் சரியாக இருக்கிறது, உள்ளே சாறு ஓடவில்லை. ஓர் அறிவு முழுசாக அழிவதற்கு முன்னால் இப்படியும் ஒரு நிலை உண்டு. மனிதகுலத்தின் எதிர்காலம் என்றால் எல்லோரும் விண்கல்லையும் அணுகுண்டையும் நினைக்கிறார்கள். எனக்கு இந்தச் சோழியும் நினைவுக்கு வரும். ஒருவேளை எல்லா இயந்திரமும் ஓடிக்கொண்டே இருக்கும், ஏன் ஓடுகிறது என்று தெரிந்தவர் ஒருவரும் இருக்க மாட்டார்.

பாகூரான் (சென்னை)
திங்கள், இரவு 9.30

சார், இது எனக்கு நேராக வந்து விழுகிறது. எங்கள் வேலையில் பத்துப் பதினைந்து ஆண்டுப் பழைய நிரல்கள் உண்டு. எழுதியவர்கள் போய்விட்டார்கள். "ஓடுது, கைவைக்காதே" என்றுதான் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்.

இரவு ஷிப்ட் (நெய்வேலி)
செவ்வாய், காலை 7.15

பேசாமல் படித்துக்கொண்டு போவதுதான் என் பழக்கம். ஷிப்ட் முடித்து வந்து டீ குடித்துக்கொண்டே படித்தேன், இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

பழுப்பு நிலக்கரி என்பது நிஜமாகவே மரம்தான் சார். வெட்டும்போது சில கட்டிகள் அப்படியே விறகுத் துண்டு மாதிரி வரும். நார் தெரியும், பட்டை தெரியும். புதிதாக எடுக்கும்போது ஈரம் நிறைய, வெயிலில் கிடந்தால் வெடித்து உதிரும். திருவக்கரை மரத்துக்குள் சிலிக்கா போனது, இந்த மரம் கரியாக நின்றது. அதற்கு மேலே மூடிக் கிடப்பது நீங்கள் சொன்ன கடலூர் மணற்பாறைதான். பக்கெட் வீல் என்கிற ராட்சத வெட்டு இயந்திரம் அதைத்தான் நாள் முழுக்கச் சுரண்டுகிறது. பல கோடி ஆண்டுக்கு முன் காடு பிடித்து வைத்த வெயிலை நாங்கள் மேலே கொண்டுவந்து ஒரு ராத்திரிக்குள் எரித்துவிடுகிறோம். இதில் பெருமையும் இருக்கிறது, உறுத்தலும் இருக்கிறது. என் பிள்ளைகள் படித்தது இதில்தான்.

நான் சொல்ல வந்தது வேறு. நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே தண்ணீர் இருக்கிறது. சும்மா ஊறுகிற தண்ணீர் இல்லை, அழுத்தத்தோடு மேலே வரத் துடிக்கிற தண்ணீர். மேலே இருக்கிற மண்ணை எடுத்துவிட்டால் அந்த எடை போய்விடும், தண்ணீர் அடித்தரையைப் பிளந்துகொண்டு வரும். அதனால் சுற்றிலும் ஆழ்துளை போட்டு ராத்திரி பகல் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தீபாவளி, பொங்கல், புயல் எதுவும் கிடையாது. அத்தனை பெரிய பள்ளம், அத்தனை பெரிய இயந்திரம், எல்லாம் நிற்பது பம்ப் ஓடுகிறது என்ற ஒன்றில்தான். மேலே நின்று பார்ப்பவர்களுக்குப் பக்கெட் வீல்தான் தெரியும். பம்ப் யாருக்கும் தெரியாது.

எரிகிற அடுப்பு என்று சார் எழுதியதைப் படித்ததும் எனக்குப் பம்ப் சத்தம்தான் கேட்டது.

பெண்ணைக்கரை (கடலூர்)
செவ்வாய், காலை 10.00

இந்த இழையில் நான் எழுதியதையெல்லாம்விட இது ஒன்று போதும். நன்றி தம்பி.

பாகூரான் தம்பிக்கு ஒரு கணக்கு. உலகம் முழுக்க நாம் இப்போது பயன்படுத்தும் ஆற்றல் சுமார் 20 லட்சம் கோடி வாட். பூமி மீது விழுகிற மொத்த வெயிலில் அது ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு. குறைவுதானே என்று தோன்றும். ஆண்டுக்கு 2.3 விழுக்காடு கூடினால் நூறாண்டில் பத்து மடங்கு. நானூறு ஆண்டில் பத்தாயிரம் மடங்கு. அதாவது பூமி மீது விழுகிற முழு வெயிலுக்குச் சமமான சூட்டை நாமும் பூமியிலேயே கொட்டிக்கொண்டிருப்போம். சூரிய ஒளித்தகடா, அணு இணைவா, எதுவானாலும் பயன்படுத்திய ஆற்றல் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும். நானூறு ஆண்டு என்பது எவ்வளவு? செஞ்சிக் கோட்டைக்கு அதைவிட வயது அதிகம்.

ஆகவே ஆற்றலைப் பெருக்கிக்கொண்டே போவதுதான் முன்னேற்றம் என்ற வழி பூமியில் சீக்கிரம் முட்டிக்கொள்ளும். வெளியே போவதை நான் எதிர்க்கவில்லை. 1977ல் கிளம்பிய வாயேஜர் விண்கலம் இன்னும் போய்க்கொண்டிருப்பதை நினைத்தால் எனக்கும் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் செவ்வாயில் ஒரு கூடாரம் போட்டால் அங்கே எல்லாமே பம்ப்தான். காற்றுக்குப் பம்ப், தண்ணீருக்குப் பம்ப். இங்கே காடும் கடலும் காசு வாங்காமல் செய்கிற வேலையை அங்கே ஒவ்வொரு நொடியும் யாராவது விழித்திருந்து செய்ய வேண்டும்.

முந்திரித்தோப்பு (பண்ருட்டி)
செவ்வாய், இரவு 8.15

முதல் நாள் நான் கேட்டதற்கு நானே பதில் தேடிக்கொண்டிருந்தேன்.

2011 டிசம்பர் 30, தானே புயல். அதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். விடிந்து தோப்புக்குப் போனேன். தோப்பு இல்லை. முந்திரி எல்லாம் வேரோடு ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது, சீப்பு போட்டு வாரினது மாதிரி. நடுவில் என் தாத்தா வைத்த பலா மூன்று. அவர் வைக்கும்போது அப்பாவுக்கு ஐந்து வயதாம். ஒன்றின் அடிமரத்தை நானும் தம்பியும் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. அதுவும் படுத்துவிட்டது. மண்ணில் பெரிய குழி, செம்மண், அறுந்த வேர் நுனியில் இன்னும் பால் வடிந்துகொண்டிருந்தது. அம்மா அந்தக் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, செத்த வீட்டில் அழுகிற மாதிரி அழுதார்.

முந்திரியை மறுபடி வைத்தால் நாலைந்து ஆண்டில் பூத்துவிடும். பலாவுக்கு அந்தக் கணக்கு ஆகாது. எனக்கு அப்போது நாற்பத்தெட்டு. இனி வைத்து யார் பார்ப்பது என்று விட்டுவிட்டேன். அம்மாதான் விடவில்லை. விழுந்த மரத்தின் பழத்திலிருந்து முன்பே எடுத்துக் காய வைத்திருந்த கொட்டை முளைக்காது என்று அவருக்குத் தெரியும். பலாக்கொட்டை காய்ந்தால் போச்சு. பக்கத்து ஊரில் எங்கள் மரத்துக் கொட்டையில் வளர்ந்த ஒரு மரம் நிற்கிறது என்று நினைவு வைத்திருந்து, அடுத்த ஆண்டு அங்கே போய்ப் பழம் வாங்கி வந்து, கொட்டையை ஈரத்தோடு ஊன்றினார். நான்கு வந்தது. இப்போது அவர் இல்லை. இரண்டு மரம் காய்க்கிறது. சுளை அதே நிறம்.

சார் கேட்டார் அல்லவா, பொருள் போனாலும் பின்னல் நிற்கிறது என்று. அந்தப் பழத்தை அறுக்கும்போது எனக்கு அதுதான். தாத்தாவின் மரம்தான் இது, ஆனால் தாத்தாவின் மரம் இல்லை. வழியில் ஒருவர் நினைவு வைத்திருந்தார், ஒருவர் அவரிடம் முன்பு கொட்டை கொடுத்திருந்தார். அதில் எது விட்டுப்போயிருந்தாலும் கதை முடிந்திருக்கும்.

இத்தனை பெரிய விஷயத்துக்கு இது உவமையாகுமா என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது இதுதான்.

நுண்ணோக்கி (புதுச்சேரி)
செவ்வாய், இரவு 9.00

ஐயா, உயிரியலில் 350 கோடி ஆண்டு நடந்ததும் இதேதான். ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்கு, ஒரு முறை கூட அறாமல். நம் ஒவ்வொருவர் பின்னாலும் அப்படி அறாத ஒரு சங்கிலி இருக்கிறது. 6.6 கோடி ஆண்டுக்கு முன் விண்கல் விழுந்து டைனோசர்கள் போனபோதும் அறவில்லை.

ஆனால் நம் காலத்தில் ஒரு மனிதரின் கையில் தொங்கிய நேரங்கள் உண்டு. 1962 அக்டோபர் 27, கியூபா அருகே சோவியத் நீர்மூழ்கியில் அணு டார்பிடோவை (நீருக்கடியில் பாய்கிற குண்டை) ஏவ மற்ற இரண்டு அதிகாரிகள் சம்மதித்தும் ஆர்க்கிப்போவ் முடியாது என்றார் என்று சொல்கிறார்கள். 1983 செப்டம்பர் 26, அமெரிக்க ஏவுகணைகள் வருகின்றன என்று கணினி காட்டியும் சோவியத் அதிகாரி பெட்ரோவ் அது பிழை என்று முடிவு செய்தார். பிழையேதான். மேகத்தில் பட்ட வெயில்.

பாகூரான் (சென்னை)
செவ்வாய், இரவு 9.25

முதல் பதிவில் பயப்படவில்லை என்று எழுதியிருந்தேன். அது அவசரம். செயற்கை நுண்ணறிவு துணைக்கு வரும் என்றேன், அந்த 1983 கணினியும் துணைக்கு வந்ததுதான். நம்பிக்கை போகவில்லை. எதன் மேல் வைப்பது என்பதுதான் மாறியிருக்கிறது.

பெண்ணைக்கரை (கடலூர்)
புதன், காலை 6.50

முந்திரித்தோப்பு ஐயா எழுதியதை வீட்டில் உரக்கப் படித்தேன். என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து நின்று கேட்டார்.

எவ்வளவு காலம் இருக்கிறது என்று நான்தான் கேட்டேன், எனக்குத் தெரிந்த கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சூரியன் மெல்ல மெல்லப் பிரகாசம் கூடிக்கொண்டு வருகிறது, 110 கோடி ஆண்டுக்குச் சுமார் பத்து விழுக்காடு. இன்னும் ஏறக்குறைய 100 கோடி ஆண்டில் கடல் தாங்காது. 500 கோடி ஆண்டில் சூரியனே ஊதிச் சிவந்துவிடும். பூமியில் உயிருக்குக் கிடைத்த மொத்தக் காலத்தில் நாலில் மூன்று பங்குக்கு மேல் கழிந்துவிட்டது. ஆன்ட்ரோமீடா கேலக்ஸி நம்மீது மோதுவது உறுதி என்று நான் வகுப்பில் பல ஆண்டு சொல்லியிருக்கிறேன். அது கூட நிச்சயமில்லை, அடுத்த 1000 கோடி ஆண்டில் பாதிக்குப் பாதி வாய்ப்புதான் என்று 2025ல் ஓர் ஆய்வு சொல்கிறது. என் பழைய மாணவர்கள் யாராவது படித்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

ஆனால் 100 கோடி என்பது சிறிய எண் இல்லை. பாலூட்டி இனம் ஒன்று சராசரியாகப் பத்து லட்சம் ஆண்டு வாழும். நாம் 3 லட்சத்தில்தான் இருக்கிறோம். அந்த அளவில் பார்த்தால் நமக்குப் பின்னால் இருப்பதைவிட முன்னால் இருப்பது அதிகம், கையை நழுவ விடாமல் இருந்தால். வடலூர் அடுப்புக்கு வயது 150 சொச்சம். அதற்கே எத்தனை தலைமுறை, எத்தனை மழைக்காலம், எத்தனை நாள் விறகு ஈரமாக இருந்திருக்கும், ஊதி ஊதிக் கண் கலங்கியிருப்பார்கள். அணையாது என்று எழுதி வைத்துவிட்டதால் அது எரியவில்லை.

அந்தப் பெண் நேற்று மாலை வீட்டுக்கு வந்தாள். கேள்விக்குப் பதில் கிடைத்ததா என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை வடலூருக்குக் கூட்டிப்போகிறேன், அடுப்பைப் பார்த்துவிட்டு நீயே சொல் என்றேன். வேனில் நான்கு இடம் இருக்கிறது. காலை 6 மணி, கடலூர் பேருந்து நிலையம்.

இரவு ஷிப்ட் (நெய்வேலி)
புதன், காலை 7.40

எனக்கு ஒன்று போடுங்கள் சார். நான் நேராக வடலூரிலேயே வந்து சேர்ந்துகொள்கிறேன், திரும்பும்போது ஏறிக்கொள்கிறேன். அன்று ஷிப்ட் இல்லை.

நுண்ணோக்கி (புதுச்சேரி)
புதன், காலை 8.05

நானும் அம்மாவும் வருகிறோம். பத்துக் கிலோ அரிசி எடுத்து வருகிறேன்.

முந்திரித்தோப்பு (பண்ருட்டி)
புதன், இரவு 7.30

நான் வேனுக்கு வரவில்லை, என் வண்டியிலேயே வருகிறேன். கழித்துவிட்ட முந்திரிக் கிளை ஒரு பாரம் இருக்கிறது, அடுப்புக்கு ஆகும் என்றால் ஏற்றி வருகிறேன். இன்று பிளந்து போட்டாயிற்று. நடுவில் கொஞ்சம் பச்சையாக இருக்கிறது, இன்னும் மூன்று வெயில் பட்டால் சரியாகிவிடும்.